வெயில் வந்து சேருமுன்

நாற்காலியில் உட்கார்ந்தபடியே தூங்கிப்போனது கழுத்து வலித்தபோதுதான் தெய்வானைக்குத் தெரிந்தது. கழுத்தைத் திருப்பியதும் ஜன்னல் தெரிந்தது, ஜன்னலில் வெள்ளை தெரிந்தது. அது வெளிச்சத்தின் வெள்ளை இல்லை, வெளிச்சம் இன்னும் சாம்பலாகத்தான் இருந்தது. மூடவில்லை. இந்த ஒரு சொல்தான் முதலில் வந்தது, பக்கத்தில் நின்று யாரோ சொன்னதுபோல. நேற்றுச் சாயங்காலம் செடிகளை மூடவில்லை. மிலார்ச் சுள்ளிக் கட்டையும் சாக்கையும் பழைய சேலைகளையும் வராந்தாவில் கொண்டுவந்து போட்டாள், போன் அடித்தது, உள்ளே வந்து எடுத்தாள், பேசினாள், அல்லது பேசினதைக் கேட்டாள், வைத்தாள், இந்த நாற்காலியில் உட்கார்ந்தாள். அதற்குப் பிறகு எழுந்ததாக நினைவில்லை. விளக்குக்கூடப் போடவில்லை. போனை யார் முதலில் வைத்தது? நான்தான் வைத்தேன். அதைப் பிறகு யோசிக்கலாம். முதலில் செருப்பு. முழங்கால்கள் நிமிர மறுத்தன, அவற்றைக் கையால் தட்டி எழுப்பினாள். கதவைத் திறந்ததும் குளிர் வந்து மேலே மோதவில்லை. அசையாமல் வாசலில் நின்றது, இரவு முழுவதும் அவளுக்காகக் காத்து நின்ற விருந்தாளி மாதிரி.

ஊட்டியில் பிறந்து வளர்ந்தவளுக்கு உறைபனி புதிதில்லை. காற்று ஓய்ந்து, மேகம் விலகி, வானம் அளவுக்கு மீறித் துலக்கமாக இருக்கிற மார்கழி இரவுகளில் பள்ளத்துப் புல்லெல்லாம் வெளுத்துப்போகும், சின்ன வயதில் அதை விரலால் வழித்து நாக்கில் வைத்துப் பார்த்திருக்கிறாள். அது அழகு. நாம் நட்டது எதுவும் அதற்கடியில் இல்லாத வரைக்கும் அழகு. இப்போது சமையலறைச் சுவரை ஒட்டி, இத்தனை வருஷம் கூட வாழ்ந்த ரங்கத்தின் செடிகள் நின்றன, ஒரு வெற்றிலைக்கொடி, ஒரு செம்பருத்தி, என்றைக்கும் குலை தள்ளாத ஒரு வாழை. மூன்றும் கீழ்நாட்டுச் செடிகள். இந்த மலையில் இருப்பதற்கு எந்த நியாயமும் இல்லாதவை. இலைகள் தகடுபோல விறைத்து, ஓரங்களில் வெள்ளை நூல் கட்டினாற்போல நின்றன. வெற்றிலையைத் தொட்டாள். இலையாகத் தெரியவில்லை. ரங்கம் கார்த்திகையில் ஊருக்குக் கிளம்பும்போது இந்த இடத்தில்தான் நின்றாள், ஸ்வெட்டர், அதன் மேல் சால்வை, காதை மூடிய மப்ளர், தம்பியின் கார் வெளியே உறுமிக்கொண்டிருந்தது. "மாசி முடிஞ்சதும் வந்துருவேன். அதுவரைக்கும் இதுகளப் பாத்துக்க. இதுக பொழச்சுக் கெடந்தா நானும் வருவேன்" என்றாள். இருமலுக்கு நடுவே விளையாட்டாகத்தான் சொன்னாள். ஆனால் தெய்வானை அதை வாங்கி முடிந்து வைத்துக்கொண்டாள். அன்றிலிருந்து ஒவ்வொரு சாயங்காலமும் வெயில் மங்குவதற்குள் நான்கு குச்சி நட்டு, சேலையைக் கூடாரமாகப் போட்டு, மேலே மிலாரைப் பரப்பி, ஓரத்தில் கல் வைத்தாள். துணி இலையைத் தொடக்கூடாது, தொட்டால் குளிரைக் கையைப் பிடித்து அழைத்துக்கொண்டுபோய் இலையிடம் விட்டுவிடும். விடிந்ததும் எல்லாவற்றையும் எடுத்துவிட வேண்டும், பகலில் மண் வெயில் குடிக்க வேண்டும், அது குடித்து வைத்ததுதான் இரவுக்குச் சூடு. எல்லாம் ரங்கம் சொன்னது. சொல்லும்போது தெய்வானை ஜன்னலுக்கு உள்ளே காப்பி குடித்துக்கொண்டு, குழந்தைக்குத் தூளி கட்டுறியா என்று கேட்டவள். ரங்கம் சொன்னதில் இன்னொன்றும் உண்டு. கொல்வது பனி இல்லை, பனிமேல் விழுகிற வெயில். வெயில் வருவதற்குள் பச்சைத் தண்ணீரால் வெள்ளையைக் கழுவிவிட்டால் பிழைத்தாலும் பிழைக்கும்.

நிமிர்ந்து பார்த்தாள். எதிர்மலை உச்சியில் கற்பூரமரங்களின் தலை மட்டும் மஞ்சளாகியிருந்தது. அங்கிருந்து வெயில் சரிவில் இறங்கி, கேரட் தோட்டங்களைத் தாண்டி, பக்கத்து வீட்டு மாதியின் தகரக் கூரையில் ஏறி, வேலியைக் கடந்து இங்கே வரவேண்டும். அவளுக்கு இருப்பது அந்த வழியின் நீளம்தான். குழாயைத் திருகினாள், குழாய் ஒரு தரம் முனகிவிட்டுச் சும்மா இருந்தது. டிரம்மில் தண்ணீர் இருந்தது, மேலே பனிக்கட்டி கண்ணாடிபோல மூடியிருந்தது. செம்பின் அடியால் குத்தி உடைத்தபோது எழுந்த ஓசை, இருவரும் வேலை பார்த்த டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஹெட்செட்டைக் கீழே போட்டு உடைத்த ஒரு நாளை எங்கிருந்தோ இழுத்துவந்தது. போட்டது ரங்கம், பழி ஏற்றது இவள். சூப்பர்வைசர் கத்திக்கொண்டிருந்தபோது ரங்கம் பின்னால் நின்று மூச்சுக்குத் திணறினாள், சிரிப்பாலா இழுப்பாலா தெரியவில்லை. வெந்நீர் போட்டு ஊற்றினால் சீக்கிரம் உருகும் என்று கை ஒரு கணம் அடுப்புப் பக்கம் போகப் பார்த்தது. கூடாது. விறைத்த உடம்பில் வெந்நீர் விட்டால் வெந்துபோகும். பச்சைத் தண்ணீர்தான். அதுவும் மெதுவாக. செம்பில் மொண்டு விரல்களுக்கிடையே விட்டு, மேலிலையிலிருந்து தொடங்கினாள். விரல் எரிந்தது, பிறகு வலித்தது, பிறகு விரலே இல்லை. வெள்ளை கரைந்து பச்சை வந்தது. பச்சையா அது? கரும்பச்சை. கண்ணாடிக்குப் பின்னால் இருக்கிற பச்சை. தண்ணீர் ரவிக்கைக் கையில் இறங்கி முழங்கை வழியாக ஓடியது. ஸ்வெட்டர் நாற்காலி முதுகில் கிடந்தது. போய் எடுக்க நேரமில்லை.

"என்ன தெய்வானைக்கா, இந்தக் குளிர்ல செடிக்கு எண்ணெய்க் குளியலா?" வேலிக்கு அந்தப்பக்கம் மாதி. தலையில் வெள்ளைத் துணி, இடுப்பில் கூடை, வாயிலிருந்து புகைபோல மூச்சு. கேரட் பிடுங்க ஜீப் வருவதற்கு நிற்கிறாள்.

"நேத்து மூடல மாதி."

"ஐயோ. ஏன், உடம்புக்கு முடியலையா?"

"போன் வந்துச்சு. பேசிட்டு அப்படியே உட்காந்துட்டேன்."

"போன்ல பேசுனா செடிய மறந்துருவீங்களா? ஆயுசு பூரா போன்லயே கெடந்தவங்க." மாதி சிரித்தாள். சிரித்த முகத்தோடே வாழையைப் பார்த்தாள், சிரிப்பு கொஞ்சம் குறைந்தது. "அந்தக்கா கேட்டா என்ன சொல்லுவீங்க? பாப்பாவ உங்ககிட்ட விட்டுட்டுப் போற மாதிரில்ல சொல்லிட்டுப் போச்சு."

"கேக்க மாட்டா."

"ஏன் கேக்காது? மாசி மாசம் வருமில்ல?"

ஜீப் ஹாரன் அடித்தது. மாதி பதிலுக்கு நிற்கவில்லை, "வாழைய விடுங்க, வெத்தலைய மொதல்ல பாருங்க" என்று ஓடிக்கொண்டே சொன்னாள். தெய்வானை செம்பை மறுபடி டிரம்மில் விட்டாள். கேக்க மாட்டா என்று ஏன் சொன்னேன்? சொல்லவேண்டும் என்று நினைக்கவில்லை, வாய் சொல்லிவிட்டது. வாய்க்கு முன்னாடியே தெரிந்திருக்கிறது. இல்லை, ஒன்றும் தெரியாது, போனில் ரங்கத்தின் தம்பி நல்லுசாமி சொன்னது மட்டும்தான் தெரியும், நல்லுசாமி நல்ல பையன், அக்காமேல் உயிர், ஆனால் தானாக முடிவெடுக்கிறவன், அக்காவைக் கேட்டிருக்க மாட்டான். "இங்க ஒத்துக்கிச்சுங்க அக்காளுக்கு. டாக்டருந்தான் சொன்னாரு, இனி மலைப்பக்கமே வேண்டாம்னு. நீங்க ஒண்ணும் மனசுல வெச்சுக்காதீங்க. பொங்கலு கழிச்சு வேனு அனுப்பறேனுங்க, பீரோ, தையல் மெஷினு, துணிமணியெல்லாம் ஏத்திவுட்டுருங்க." அவகிட்ட குடுங்க தம்பி என்றாள் இவள். "தூங்கறாங்களுங்க" என்றான். விளக்கு வைக்கிற நேரத்தில். விளக்கு வைக்கிற நேரத்தில் ரங்கம் என்றைக்குத் தூங்கினாள், ஜுரத்தில்கூட எழுந்து உட்கார்ந்து ஸ்விட்சைப் போடு என்பாள். அப்போதுதான், அவன் தூங்கறாங்களுங்க என்று இழுத்த அந்த இழுப்பில்தான், லைன் லேசாகக் கீழே இறங்கியது. வேறு யாருக்கும் கேட்டிருக்காது. குரலின் கனம் ஒரு நூல் குறைந்தது, பின்னால் இருந்த வெளி கொஞ்சம் பெரிதாயிற்று. ஆயுள் பூராவும் காதில் லைனை மாட்டிக்கொண்டிருந்தவளுக்கு அது என்னவென்று சொல்லித் தரவேண்டாம். அந்த வீட்டில் ஒரே லைனுக்குக் கீழே ஒரு போன், மாடியில் ஒரு போன். மாடியில் யாரோ எடுத்திருக்கிறார்கள். எடுத்துவிட்டு, மூச்சு விட்டுக்கொண்டு கேட்கிறார்கள்.

செம்பருத்திக்கு நகர்ந்தாள். ஒரு மொட்டு இருந்தது, கிறிஸ்மஸ் விளக்குபோல உறைந்து சிவந்து நின்றது, தண்ணீர் பட்டதும் தளர்ந்து கவிழ்ந்தது. அது ரங்கம் இல்லை. ராத்திரி முழுக்க இதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தாள். தூக்கத்தில்கூடச் சொல்லியிருப்பாள். ரங்கத்தின் மூச்சை எங்கிருந்தாலும் தெரியும், அதில் ஒரு விசில் உண்டு, உள்ளே போகும்போது மெலிசாக, வெளியே வரும்போது இன்னும் மெலிசாக. அந்த விசிலால்தான் எக்ஸ்சேஞ்சில் அவளுக்கு ஒட்டுக்கேட்கிற பாக்கியமே இல்லாமல் போயிற்று. மற்றவர்களெல்லாம் மதுரைக்குப் பேசுகிற எஸ்டேட் மேனேஜரின் காதலையும், கோவை வக்கீலின் பாகப்பிரிவினையையும் மூச்சடக்கிக் கேட்டுச் சாப்பாட்டு நேரத்தில் பரிமாறுவார்கள். ரங்கம் ஒரு நிமிஷம் லைனில் நின்றால் போதும், "யாரோ கேக்கறாங்க போலருக்கே" என்று அந்தப்பக்கம் உஷாராகிவிடும். "எனக்கும் சேத்து நீ கேளு" என்பாள் தெய்வானையிடம். அறைக்குப் போய்ப் போர்வைக்குள் எல்லாம் சொல்லவேண்டும். எவ்வளவு கேட்டாலும் போதாது அவளுக்கு, அந்த வக்கீல் தம்பிக்கு என்ன கொடுத்தார், அந்தப் பெண் அழுதாளா. நேற்று கேட்ட மூச்சில் விசில் இல்லை. சுத்தமான மூச்சு. பதினெட்டு வயதுப் பெண்ணின் மூச்சு மாதிரி. நல்லுசாமி பெண்டாட்டியாக இருக்கும், மாடியில் துணி எடுக்கப் போனவள் போன் மணி கேட்டு எடுத்திருப்பாள். அப்படியானால் ரங்கம் தூங்கத்தான் தூங்கியிருக்கிறாள். அப்படியானால் நல்லுசாமி சொன்னது நல்லுசாமியின் யோசனைதான். அப்படியானால் மாசி முடிந்ததும் ஒரு நாள் மேட்டுப்பாளையம் பஸ்ஸில் வந்து இறங்கி, இந்தச் செடிகளைச் சுற்றிவந்து, பரவால்லையே, மூடத் தெரிஞ்சுக்கிட்டயே என்பாள். ஆகவே இது பிழைக்க வேண்டும். ஆகவே மொண்டு ஊற்று. ஊற்று.

மாதி வீட்டுத் தகரத்தின் மேல்விளிம்பில் வெயில் வந்துவிட்டது. தகரம் சூட்டில் பட்பட்டென்று நெட்டி முறிக்கத் தொடங்கியது. வாழைத் தண்டைச் சுற்றி வைக்கோல் வைத்து ரங்கத்தின் பழைய பச்சை ஸ்வெட்டரைக் கட்டியிருந்தது, அது எப்போதும் கட்டியே இருக்கும். ரங்கம் கட்டிவிட்டுப் போனது, இரண்டு கையையும் முன்னால் முடிச்சுப் போட்டு. பார்த்தால் குட்டையாக ஒரு பொம்பிளை கைகட்டி நிற்பதுபோல இருக்கும். உன்ன மாதிரியே இருக்குடி என்று இவள் சிரித்திருக்கிறாள். ரங்கம் கரூர்ப் பக்கத்து வெற்றிலைக் கொடிக்கால்காரர் வீட்டுப் பெண், வேலைக்காக மலையேறி வந்தவள், வந்த அன்றே உதடு வெடித்துப்போனவள். இரண்டு ஸ்வெட்டர், சாக்ஸ், மப்ளர், படுக்கையில் வெந்நீர்ப் பை. வெங்காயம் வருது பாரு, உரிக்க உரிக்கத் துணிதான் என்று எக்ஸ்சேஞ்சே கேலி செய்யும், தெய்வானையும் செய்வாள், தெய்வானைதான் ஆரம்பித்து வைத்ததே. ரங்கம் ஒன்றும் சொல்லமாட்டாள், இன்னொரு சால்வையை எடுப்பாள். மாற்றல் கேட்டால் கரூருக்கே கிடைத்திருக்கும். ஒரு தரம் கேட்காமலே வந்தது, அதை வேண்டாம் என்று எழுதிக் கொடுத்தாள். ஏன்டி என்று கேட்டதற்கு, "ஒனக்கு வெயில் ஆகாதே" என்றாள். அதை ஒரு பதிலாகவே இவள் நினைக்கவில்லை. ரங்கத்தின் அம்மா சாவுக்குச் சித்திரையில் ஒரு தரம் அங்கே போய், மூக்கில் ரத்தம் வந்து, உடம்பெல்லாம் தடித்து, ஈரத் துண்டைச் சுற்றிக்கொண்டு கிடந்து, காரியம் முடிவதற்குள் ஓடிவந்தவள் இவள். துக்க வீட்டில் துண்டை நனைத்து நனைத்துப் போட்டவள் ரங்கம். ஒனக்கு வெயில் ஆகாதே. அப்படியென்றால் உனக்கு? உனக்குக் குளிர் ஆகுமா என்று ஒரு நாளாவது கேட்டேனா? விசிலைக் கேட்டேன். ஆயிரக்கணக்கான இரவுகள் பக்கத்துக் கட்டிலில் அந்த விசிலைக் கேட்டுக்கொண்டேதான் தூங்கினேன். அது அவளுடைய சுருதி என்று நினைத்தேன். மழை சத்தம்போல அது கேட்டால்தான் தூக்கம் வரும். அது குளிரின் சத்தம் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

செம்பு கையிலிருந்து நழுவி மண்ணில் விழுந்தது. எடுக்கக் குனிந்தவள் குனிந்தபடியே நின்றாள், ஏனென்றால் யோசிக்காமல் தள்ளிவைத்திருந்தது இப்போது வந்து முன்னால் நின்றது. போனை யார் முதலில் வைத்தது. நல்லுசாமி வைத்துவிட்டான். டக்கென்று, கடமை முடிந்த அவசரத்தில். ஆனால் லைன் சாகவில்லை. அந்த மூச்சு இருந்தது. நல்லுசாமி பெண்டாட்டியாக இருந்தால் அவன் பேச்சு முடிகிறபோதே வைத்திருப்பாள், வைக்கிற சத்தம் கேட்கும் என்றெல்லாம் அவளுக்குத் தெரியாது. ஒட்டுக்கேட்கிறவர்களில் ஆப்பரேட்டர் ஒருத்திதான் இரண்டு பக்கமும் வைக்கிறவரை காத்திருப்பாள், யாரும் இல்லாத லைனில்தான் தன் இணைப்பை எடுப்பாள். அந்த மூச்சு இவள் வைப்பதற்காகக் காத்திருந்தது. இவளும் காத்திருந்தாள். இரண்டு பேரும் நீலகிரிக்கும் கரூருக்கும் நடுவே ஒரு கம்பியில் பேசாமல் நின்றுகொண்டிருந்தார்கள், விசிலே இல்லாமல், சுத்தமாக, ஆழமாக, ஒரு முழு மூச்சு உள்ளே போய் வெளியே வந்துகொண்டிருந்தது. ரங்கம் அவ்வளவு நிம்மதியாக மூச்சு விட்டு இவள் கேட்டதே இல்லை. அதனால்தான் அடையாளம் தெரியவில்லை. ஏன் பேசவில்லை? முதலில் கோபம்தான் வந்தது, இத்தனை வருஷத்துக்கு ஒரு வார்த்தை கிடையாதா என்று. பிறகு கோபம் வந்த வழியே போயிற்று. பேசியிருந்தால் நான் என்ன சொல்லியிருப்பேன் என்று அவளுக்குத் தெரியும். செடியெல்லாம் நல்லா இருக்கு, வா என்பேன். வா என்று சொன்னால் வந்துவிடுவாள். இரண்டு ஸ்வெட்டரைப் போட்டுக்கொண்டு வந்துவிடுவாள். வாழையின் இலை ஒவ்வொன்றாகத் தாழ்ந்து தண்டோடு ஒட்டிக்கொண்டது. தெய்வானை செம்பை எடுத்துத் துடைத்து, டிரம்மில் மிச்சமிருந்த தண்ணீரை மொண்டு வெற்றிலையின் வேரில் விட்டாள்.

வெயில் வேலியைத் தாண்டியது. முதலில் சுவரில் விழுந்தது, பிறகு கொடியில். வெள்ளை எங்கும் இல்லை. ஈர இலைகள் வெளிச்சத்தில் பளபளத்தன, பார்த்தவர்கள் யாரும் இவற்றுக்கு ஒரு குறையும் இல்லை என்றுதான் சொல்வார்கள். மத்தியானம்தான் தெரியும். உள்ளே நரம்பு வெந்திருந்தால் மத்தியானத்துக்குள் கறுத்துத் தொங்கும், இல்லாவிட்டால் இப்படியே நிற்கும். இலைக்கே இன்னும் தெரியாது. பிறகு ஈரக் கையோடு உள்ளே போய் போனை எடுத்தாள். டயல் செய்கிற விரலுக்கு உணர்ச்சி இல்லாததால் இரண்டு தரம் தப்பு நம்பர் போயிற்று.

"தம்பி, நான் தெய்வானை."

"சொல்லுங்கக்கா. விடிஞ்சும் விடியாம... ஒண்ணும் பிரச்சினை இல்லீங்களே?"

"ஒண்ணுமில்ல. அக்கா எந்திரிச்சாச்சா?"

"மாடில இருக்காங்க. குளிக்கறாங்கன்னு நெனைக்கறேனுங்க." அவன் குரல் அந்த இடத்தில் ஒரு நூல் கனம் குறைந்தது. பின்னால் வெளி பெரிதாயிற்று. தெய்வானை ரிசீவரை இன்னொரு காதுக்கு மாற்றினாள், நல்ல காதுக்கு.

"கூப்பிட வேண்டாம். ஒரு சேதி மட்டும் சொல்லிடுங்க. நேத்து இங்க பனி கொட்டிடுச்சு. நான் செடிய மூடல. எல்லாம் போயிடுச்சு தம்பி. வெத்தல, செம்பருத்தி, வாழ, ஒண்ணும் மிச்சமில்ல." ஜன்னலில் கொடி பச்சையாக மின்னியது. அவள் அதைப் பார்க்காமல் சுவரைப் பார்த்துக்கொண்டாள். "அவ வந்து பாக்கறதுக்கு இங்க ஒண்ணும் இல்லைன்னு சொல்லுங்க. மாசியில வர்றேன்னு சொன்னா இல்ல, அதெல்லாம் வேண்டாம். பொங்கல் கழிச்சு வேன் அனுப்புங்க. தையல் மெஷினுக்கு எண்ணெய் போட்டு வைக்கறேன்."

"அட, செடிக்குப் போயி ஏனுங்க இப்படி வருத்தப்படறீங்க? இங்க கொடிக்கால்ல இல்லாத வெத்தலையா?"

"ஆமா. அங்க இருக்கு."

"அப்பச் சரிங்கக்கா. ரொம்ப சந்தோசமுங்க. நானும் எப்படிச் சொல்றதுன்னு ராத்திரி பூரா..." அவன் முடிக்காமல், நிம்மதியாக, டக்கென்று வைத்தான்.

லைன் சாகவில்லை. சுத்தமான அந்த மூச்சு உள்ளே போயிற்று, வெளியே வந்தது. தெய்வானை கேட்டுக்கொண்டிருந்தாள். இப்படியே கேட்டுக்கொண்டு இருந்துவிடலாம் போலிருந்தது. ரவிக்கைக் கையிலிருந்து தண்ணீர் போன் மேஜையில் சொட்டியது. பல் ஒன்றோடொன்று இடித்துக்கொள்ளாமல் இருக்க வாயை இறுக்கிப் பிடித்தாள், அப்படியும் மூச்சு விட்டு விட்டுத்தான் வந்தது, தந்தியடிப்பதுபோல.

"ஒம்மூச்சு நடுங்குது" என்றது அந்தப்பக்கம். "ஈரத்தோட நிக்கறே. போயி சுவெட்டரப் போட்டுக்க."

"ம்."

"போ."

வைத்த சத்தமே கேட்கவில்லை. தொழில் தெரிந்தவள்.